எடைக்குப் போன விளக்குகள்

மே மாதம் வந்தால் சென்னையை அடுத்த பொத்தேரியில் அறைகள் காலியாகத் தொடங்கும். ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய விடுதிகள், உள்தெருக்களில் மாடி மேல் மாடி எழுப்பிய பி.ஜி.க்கள், நாலைந்து பேர் சேர்ந்து எடுத்த வாடகை வீடுகள் எல்லாவற்றிலிருந்தும் படிப்பை முடித்த பிள்ளைகள் ஊருக்குக் கிளம்புகிறார்கள். 1985இல் காட்டாங்குளத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரி வந்ததிலிருந்து இந்தப் பக்கத்து ஊர்களின் பஞ்சாங்கமே மாறிவிட்டது. நடவும் அறுப்பும் போய், அட்மிஷனும் காலி செய்வதும் வந்தன. போகிறவர்கள் தூக்கிப் போக முடியாததை வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்கள். மெத்தை, வாளி, கெட்டில், கால் ஒடிந்த நாற்காலி, தவறாமல் ஒரு ஸ்டடி லேம்ப்.

பழைய சாமான் எடுக்க வருகிறவர் மெத்தையைக்கூட ஏற்றிக்கொள்கிறார். ஸ்டடி லேம்பை மட்டும் ஒற்றை விரலில் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப அங்கேயே வைக்கிறார். “இதுல என்னா சார் இருக்கு, வெறும் பிளாஸ்டிக்கு. எடையே வராது.” அவர் சொல்வது சரிதான். உள்ளே சின்னதாக ஒரு பேட்டரி, வரிசையாகச் சில எல்.இ.டி. பொட்டுகள், மேலே ஒட்டி மூடிய வெள்ளை பிளாஸ்டிக். திறக்க ஸ்க்ரூ கிடையாது. பேட்டரி போனால் விளக்கே போயிற்று. ஒரு பிள்ளை கண்விழித்துப் படித்துத் தேறிய இரவுகள் எல்லாம் அந்த வெளிச்சத்தில் கழிந்தவை. தராசு அதை நிறுக்காது.

நான் சேர்ப்பது வேறு வகை. இரண்டாம் உலகப் போர் முடிந்ததிலிருந்து எழுபதுகளின் தொடக்கம்வரை செய்யப்பட்ட மேசை விளக்குகள், தரையில் நிற்கும் விளக்குகள். ‘மிட் செஞ்சுரி மாடர்ன்’ என்று ஏலக் கம்பெனிகள் பெயர் வைத்திருக்கின்றன. அலுமினியத் தகட்டில் ஒரு கூம்பு, வார்ப்பிரும்பில் அடிப்பாகம், வளைகிற கழுத்து, பேக்லைட் சுவிட்ச். பூவேலை, சித்திர வேலை எதுவும் இராது. தராசில் வைத்தால் நல்ல எடை வரும். அவற்றில் பெரும்பகுதி இன்று இல்லாமல் போனதற்கு அந்த எடையே காரணம்.

இவற்றின் வம்சாவளியை ஐரோப்பாவிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. டென்மார்க்கில் 1894இல் பிறந்த பவுல் ஹென்னிங்சன் மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் வளர்ந்தவர். மின்சாரம் வந்தபோது ஊரெல்லாம் கொண்டாட, அவருக்கு மட்டும் எரிச்சல் வந்தது. பல்பு கண்ணைக் குத்தியது, எதிரே இருக்கிறவர் முகம் வெளிறிக் கிடந்தது. 1920களின் நடுவில் அவர் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று மூடிகள் வைத்த விளக்கைக் கணக்குப் போட்டு வரைந்தார். மடக்கைச் சுருள் என்று கணிதத்தில் படிக்கிறோமே, அந்த வளைவுதான் மூடிகளின் வளைவு. எங்கே உட்கார்ந்து பார்த்தாலும் பல்பின் இழை கண்ணில் படாது, வெளிச்சம் மட்டும் மேசைக்கு வந்து சேரும். கணக்கு முழுக்க இழை இருக்கும் இடத்தைப் பொறுத்தது. பல்புக் கம்பெனிகளோ பல்பின் வடிவத்தை மாற்றிக்கொண்டே இருந்தன. அவர்களைத் திருத்த முடியாது என்று கண்டுகொண்டவர், எந்தப் பல்பைப் போட்டாலும் கண் கூசாத ஒரு விளக்கை 1958இல் செய்தார். ஐம்பது சென்டிமீட்டர் அகலம். பி.எச்.5 என்று பெயர். அறுபது வயது தாண்டிய மனிதர் விட்டுக்கொடுத்துச் செய்த அந்த விளக்குதான் அவர் செய்தவற்றிலேயே அதிகம் பேர் வாங்கியது.

இங்கிலாந்தில் ஜார்ஜ் கார்வர்டைன் கார் சஸ்பென்ஷன் வேலை பார்த்த பொறியாளர். ஸ்பிரிங்குகளின் இழுவிசையை ஒன்றுக்கொன்று சமன்செய்தால் ஒரு கை எந்த நிலையில் விட்டாலும் அந்த நிலையிலேயே நிற்கும் என்று கண்டு 1932இல் காப்புரிமை வாங்கினார். அதை விளக்காக்கியது ஆங்கிள்பாய்ஸ். நார்வேக்காரர் ஒருவர் 1937இல் அதே தத்துவத்தில் லக்ஸோ என்று ஒன்றைச் செய்ய, அதன் நகல்களும் நகலின் நகல்களும் உலகமெங்கும் போயின. டிராயிங் போர்டின் ஓரத்தில் கிளாம்ப் போட்டு மாட்டிய அந்த ஸ்பிரிங் விளக்கை, கம்ப்யூட்டர் வருவதற்கு முன் நம் ஊரில் வரைபடம் போட்ட எவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இத்தாலியில் காஸ்டிலியோனி சகோதரர்கள் 1962இல் செய்த ஆர்கோ இன்னொரு ரகம். சாப்பாட்டு மேசைக்கு மேலே வெளிச்சம் வேண்டும், ஆனால் கூரையில் ஓட்டை போடக் கூடாது. வழி தேடியவர்களுக்குத் தெருவிளக்கு கண்ணில் பட்டது. கம்பம் ஓரமாக நிற்கிறது, வெளிச்சம் நடுத்தெருவில் விழுகிறது. அதையே வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். எஃகு வில் ஒன்று, அது கவிழாமல் இருக்க ஏறத்தாழ அறுபத்தைந்து கிலோ பளிங்குக் கல். கல்லில் ஒரு துளை. துளையில் துடைப்பக் கட்டையைச் செருகினால் இரண்டு பேர் தூக்கிவிடலாம். அதே ஆண்டு அவர்கள் செய்த டோயோ என்னும் தரை விளக்கில் கார் ஹெட்லைட் தலையாக இருக்கிறது, தூண்டில் கழியின் வளையங்கள் வழியே ஒயர் போகிறது, டிரான்ஸ்பார்மரே அடிப்பாரம். புதுப்பேட்டையில் பழைய கார் உதிரிபாகம் விற்கிறவர்களிடம் காட்டினால் இதில் வியக்க ஒன்றும் இருப்பதாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு நம்பிக்கை இருந்தது. நல்ல வெளிச்சம் பணக்காரன் வீட்டுச் சரவிளக்கில் மட்டும் இருக்கக் கூடாது. ஆலையில் தகடாகவும் குழாயாகவும் கிடைப்பதை வைத்தே சாதாரண வீட்டின் மேசைக்கும் அதைக் கொண்டுவந்துவிடலாம். இன்று புதிதாக ஒரு ஆர்கோ வாங்க வேண்டுமென்றால் நம் பணத்தில் லட்சக் கணக்கில் வேண்டும். ஹென்னிங்சனின் ஆரம்பகால விளக்குகளை ஏலத்தில் எடுக்கிறவர்கள் யாரும் கண் கூசுகிறது என்பதற்காக எடுப்பதில்லை.

சரி, அந்தக் காலத்தில் நம் பக்கம் என்ன இருந்தது? பைக்காராவில் 1932இல் மின் உற்பத்தி தொடங்கியது. மேட்டூர் 1937, பாபநாசம் 1944. மாநில மின்சார வாரியம் 1957இல் வந்தது. சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம்வரை மின்சார ரயில் 1931இலேயே ஓடிவிட்டது என்பது உண்மை. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் வீடுகளில் சிம்னி விளக்கும் அரிக்கேனும் எரிந்ததும் உண்மை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் மின்சாரம் போய்ச் சேர்ந்தபோது முதலில் கிணற்று மோட்டாருக்குத்தான் மரியாதை. வீட்டுக்கு ஒரு பல்பு, நடுக்கூடத்தில். குடிசைகளுக்கு வாரியம் கொடுத்த இலவச இணைப்பின் அளவே ஒரு விளக்கு, நாற்பது வாட் என்பதுதான். அந்த ஒற்றைப் பல்பின் கீழ்தான் சமைத்தார்கள், சாப்பிட்டார்கள், படித்தார்கள், பாய் விரித்தார்கள். மேசைக்கென்று தனி விளக்கு வேண்டுமானால் முதலில் மேசை வேண்டும்.

ஆகவே நம் நினைவில் படிப்போடு ஒட்டியிருப்பது மேசை விளக்கு அல்ல, தெருவிளக்கு. சென்னை உயர் நீதிமன்றத்தில் சிலையாக இருக்கும் நீதிபதி முத்துசாமி ஐயர் தெருவிளக்கில் படித்து முன்னுக்கு வந்தவர் என்று சொல்லிச் சொல்லியே நான்கு தலைமுறைப் பிள்ளைகளைப் பெற்றோர்கள் படிக்க உட்கார வைத்திருக்கிறார்கள். அவர் இறந்தது 1895இல். அவருடைய பிள்ளைப் பிராயத்துத் தெருவிளக்கு எண்ணெய் விளக்காகத்தான் இருந்திருக்க முடியும். இத்தாலிக்காரர் தெருவிளக்கைத் தம் வீட்டுக் கூடத்துக்குள் வரவழைத்துக்கொண்டார். நம் பிள்ளை புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு தெருவிளக்கிடம் போனான்.

மேசை விளக்கு இங்கே யாரிடம் இருந்தது என்றால், கையெழுத்துப் போடுகிறவர்களிடம். கலெக்டர், எக்ஸிக்யூட்டிவ் என்ஜினியர், பேங்க் ஏஜென்ட், மில் மேனேஜர். பழைய தமிழ்ப் படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வளைந்து இறங்கும் மாடிப்படி, சோபா, சோபாவுக்குப் பக்கத்தில் ஜாலர் வைத்த நெட்டை விளக்கு என்றால் அது பணக்காரர் பங்களா. கதாநாயகன் வீட்டில் அரிக்கேன்தான். வெளிச்சத்தின் அளவைவிட யார் யாருக்கு எந்த விளக்கு என்பதை ரசிகர்கள் நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள்.

அதற்காக நம் வீடுகளில் விளக்குக்கு மரியாதை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. நாச்சியார்கோவில் குத்துவிளக்கு இல்லாமல் கல்யாணம் இல்லை. பொழுது சாய்ந்து டியூப்லைட் சுவிட்சைப் போட்டதும் கையெடுத்துக் கும்பிடுகிற பெரியவர்கள் இன்னும் எத்தனையோ வீடுகளில் இருக்கிறார்கள். விளக்கு வைத்த நேரத்தில் பணம் கொடுக்க மாட்டோம், தலை சீவ மாட்டோம். ஆனால் அந்த மரியாதை ஆபீஸ் மேசையில் இருந்த பச்சை விளக்குக்குக் கிடைக்கவில்லை. அது யார் வீட்டு விளக்கும் இல்லை. அதிகாரி மாறுவார், விளக்கு இருக்கும். ஒருநாள் ஸ்டாக் ரிஜிஸ்டரில் சிவப்பு மையில் கோடு விழும், கண்டம் ஆகிவிட்டது என்பார்கள். உடைந்த அலமாரி, ஓடாத மின்விசிறி, டைப்ரைட்டர் இவற்றோடு சேர்த்து லாட்டாக ஏலம். ஏலம் எடுக்கிறவருக்கு வேண்டியது இரும்பு. அலுமினியமும் பித்தளையும் இருந்தால் லாபம்.

அந்த வழியில் தப்பிப் பிழைத்தவை ஒரு காலத்தில் மூர் மார்க்கெட்டுக்கு வந்தன. 1900இல் திறந்த அந்தச் சிவப்புக் கட்டடம் 1985 மே மாதம் எரிந்துபோனது. இந்தப் பக்கத்தில் மிச்சமிருப்பது பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. பொத்தேரியிலிருந்து மின்சார ரயிலில் ஏறினால் தாம்பரம், சானடோரியம், குரோம்பேட்டை தாண்டிப் பல்லாவரம். பழைய டிரங்க் ரோட்டில் செடி, மீன், புறா, பழைய மிக்ஸி, கழற்றிய கதவு, ஸ்பேனர், சட்டை என்று விரிந்து கிடக்கும். விளக்கு தனியாக இருக்காது. ஒயர்க் குவியலுக்கு அடியில் எங்காவது கழுத்து தெரியும்.

என்னிடம் இருக்கும் ஒன்று அங்கே வாங்கியது. பச்சை எனாமல் பூசிய கூம்பு மூடி, உள்பக்கம் வெள்ளை. அடிப்பாகத்தின் ஓரத்தில் வெள்ளைப் பெயின்டில் ஏதோ ஓர் அலுவலகத்தின் ஸ்டாக் எண். இலாகாவின் பெயரை யாரோ சுரண்டி எடுத்திருக்கிறார்கள், எண்ணை விட்டுவிட்டார்கள். கவிழ்த்துப் பார்த்தால் பச்சைக் கம்பளித் துணி, அதன் கீழே மூன்று ஸ்க்ரூ. திருப்பினால் திறந்துகொள்கிறது. துணி சுற்றிய ஒயர். துணி நன்றாகத்தான் இருக்கிறது, தொட்டால் உள்ளே ரப்பர் மாவாக உதிர்கிறது. பித்தளை ஹோல்டர், பின் பல்பு மாட்டுகிற வகை, வெள்ளைக்காரன் விட்டுப்போன வழக்கம். இரண்டே ஒயர், எர்த் கிடையாது. உதிர்ந்த இடத்தில் கம்பி தகட்டைத் தொட்டால் விளக்கு முழுவதும் ஷாக் அடிக்கும்.

விற்றவர் அதைத் துடைத்துக் கையில் கொடுத்துச் சொன்னது: “இங்கிலீஷ்காரன் காலத்துது சார். இப்ப கெடைக்காது.” ஹோல்டரிலும் சுவிட்சிலும் இருந்த இந்தியக் கம்பெனி முத்திரைகளைப் பார்த்தால் அது அறுபதுகளில் செய்தது என்று தெரிகிறது. அவரிடம் சொல்லவில்லை. அவர் பொய் சொன்னதாகவும் நான் நினைக்கவில்லை. சந்தையில் பழைய பொருளுக்கு மதிப்புச் சொல்ல இருக்கிற ஒரே வாக்கியம் அதுதான். ராஜா காலத்தது என்றால் ஒரு விலை, வெள்ளைக்காரன் காலத்தது என்றால் ஒரு விலை. காமராஜர் காலத்தது என்று சொல்லி யாராவது எதையாவது விற்றுக் கேட்டிருக்கிறோமா? இந்தக் குடியரசு தன் முதல் இருபத்தைந்து ஆண்டுகளில், அந்நியச் செலாவணி இல்லாமல், இறக்குமதிக்கு லைசென்ஸ் இல்லாமல், கிண்டியிலும் அம்பத்தூரிலும் சின்னச் சின்னப் பட்டறைகளை எழுப்பி, கிடைத்த தகட்டை வைத்துத் தனக்கென்று பொருள்கள் செய்துகொண்டது. அந்தப் பொருள்களுக்கு ஒரு காலம் இருந்ததாகவே நாம் கருதவில்லை. அவை பழையதாகவில்லை, நேரே பழைய இரும்பாகிவிட்டன. பேரீச்சம்பழத்துக்குப் போட்டோம்.

காரைக்குடியின் கதை வேறு. முனீஸ்வரன் கோவில் தெருவில் வரிசையாகக் கடைகள். பாகப் பிரிவினையில் உடைந்த செட்டிநாட்டு வீடுகளின் தேக்குத் தூண், எனாமல் பாத்திரம், தொங்கு விளக்கு எல்லாம் அங்கே விலைக்கு இருக்கின்றன. விற்றவர்களுக்கு அது தங்கள் பாட்டன் சொத்து என்று தெரியும். வருத்தத்தோடு விற்றார்கள், தெரிந்து விற்றார்கள். அரசாங்க விளக்குக்குப் பாட்டனும் இல்லை, பேரனும் இல்லை.

இதைப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் சண்டிகருக்குப் போக வேண்டும். 1951இல் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியேவின் கைக்கு வந்த நகரம். அவருடைய உறவினர் பியேர் ஜான்னரே 1965வரை அங்கேயே தங்கி, அலுவலகங்களுக்கும் நீதிமன்றத்துக்கும் கல்லூரிகளுக்கும் வேண்டிய நாற்காலி, மேசை, அலமாரி எல்லாவற்றுக்கும் வடிவம் கொடுத்தார். உள்ளூர்த் தச்சர்கள் தேக்கிலும் பிரம்பிலும் ஆயிரக் கணக்கில் செய்து தள்ளினார்கள். நாற்பது ஆண்டுகள் கழித்து ஸ்டீல் நாற்காலி வந்தது. பழையதை மொட்டை மாடியில் குவித்தார்கள், பிறகு ஏலம் விட்டார்கள். பிரெஞ்சு வணிகர்கள் வந்து எடுத்துப் போனார்கள். பாரிஸிலும் லண்டனிலும் நியூயார்க்கிலும் அவை ஆயிரக் கணக்கான டாலருக்கு விலைபோனபோதுதான் இங்கே சத்தம் எழுந்தது. நாற்காலி மட்டுமில்லை, நகரத்தின் வரைபடம் வார்த்த சாக்கடை மூடிகூட ஏலத்துக்குப் போனது. உள்துறை அமைச்சகம் 2011இல் உத்தரவு போட்டு ஏற்றுமதியைத் தடுத்தது.

சட்டம் ஏன் அதற்கு முன்பே தடுக்கவில்லை? 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி ஒரு பொருள் தொல்பொருள் ஆக நூறு ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். 1955இல் செய்த விளக்கு 2055இல்தான் அந்தத் தகுதியைப் பெறும். நம் ஊரில் ஒரு மேசை விளக்கு நூறு ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் ஒளிந்திருந்தால் அரசாங்கம் அதைக் காப்பாற்றத் தயாராக இருக்கிறது.

அமி சீகல் என்ற அமெரிக்கக் கலைஞர் 2013இல் இந்தச் சண்டிகர் நாற்காலிகளின் பயணத்தை ஒரு படமாக எடுத்தார். பணக்கார வீடுகளின் கூடத்தில் நிற்கும் நாற்காலியில் தொடங்கி, ஏலக்கூடம், மராமத்துப் பட்டறை, கப்பல் என்று பின்னோக்கிப் போய், சண்டிகர் அலுவலகங்களில் முடிகிறது. பேச்சே கிடையாது. எடுத்து முடித்ததும் அந்தப் படத்தையே லண்டனில் ஏலம் விட்டார். ஏலத்தையும் படமெடுத்து இன்னொரு படைப்பாக்கினார். அவரைக் குறை சொல்ல வாய் வரவில்லை. சந்தையைச் சந்தைக்குள் நின்றுதான் காட்ட முடியும் என்று அவர் நினைத்திருக்கலாம்.

விளக்கு சேர்க்கிறவனுக்கு இந்தக் கதையில் ஒரு தனி வரி உண்டு. கொர்புசியே 1952இல் கான்கிரீட்டில் ஒரு விளக்கு வரைந்தார். மார்சேய் நகரத்துக் குடியிருப்புக்கும், பக்ரா அணைக்கும், சண்டிகரின் சுக்னா ஏரிக் கரைக்கும் என்று செய்தது. மழையில் நனைந்து, தரையோடு தரையாக நின்று, நடக்கிறவர்களின் காலடிக்கு வெளிச்சம் காட்டுகிற விளக்கு. இத்தாலிய நிறுவனம் ஒன்று இப்போது அதை மறுபடி தயாரிக்கிறது, சிறிய அளவிலும் பெரிய அளவிலும். சிறியது வீட்டுக்குள் வைத்துக்கொள்ள. அணைக்கட்டு விளக்கை மேசையில் வைத்துக்கொள்கிற வசதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

மறுதயாரிப்பு என்றதும் நகல் என்ற கேள்வி வருகிறது. ஆர்கோவைப் போலவே சீனாவில் செய்து இத்தாலியில் இறக்கிய விளக்கு ஒன்றைப் பற்றிய வழக்கு லக்சம்பர்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம்வரை போய், 2011 ஜனவரியில் தீர்ப்பானது. அசலின் உரிமையை வைத்திருந்த நிறுவனத்துக்குச் சாதகமான தீர்ப்புதான். விளக்கு ஒரு கலைப்படைப்பாக இருந்தால், எழுத்தாளரின் நாவலுக்கு இருக்கும் காப்பு அதற்கும் கிடைக்கலாம் என்று ஆயிற்று. நம் சட்டம் இதில் வேறு மாதிரி. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, பதிவு செய்யத்தக்க ஒரு வடிவத்தைப் பதிவு செய்யாமல் தொழில்முறையில் ஐம்பது தடவைக்கு மேல் செய்துவிட்டால் அதற்குப் பதிப்புரிமை போய்விடும் என்கிறது. ஐம்பதாவது விளக்குவரை கலை, ஐம்பத்தொன்றாவதிலிருந்து சாமான். படித்தபோது சிரிப்பு வந்தது, யோசித்தால் ஹென்னிங்சன் இதை ஒப்புக்கொண்டிருப்பார் போலிருக்கிறது. அவர் செய்ய விரும்பியது ஐம்பத்தொன்றாவது விளக்கைத்தானே.

முராதாபாத்துப் பித்தளைப் பட்டறைகளிலிருந்து வெளிநாட்டுக் கடைகளுக்காக அந்தக் காலத்து மோஸ்தரில் விளக்குகள் கப்பலேறுகின்றன. அவற்றில் சில வெளிநாட்டுப் பெயர் பொறித்துக்கொண்டு இங்கேயே திரும்பி வந்து ஷோரூமில் நிற்கின்றன. அவற்றை நான் வாங்குவதில்லை. ஏன் என்று கேட்டால் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. வெளிச்சத்தில் ஒரு குறையும் இல்லை.

சேர்க்கிறவன் தன்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகத்தான் நினைத்துக்கொள்வான். உருக்கு உலைக்குப் போக இருந்ததை மீட்டேன் என்பான். ஆனால் அவன் செய்வது என்ன என்று பார்த்தால், பொருளை அதன் வேலையிலிருந்து ஒரேயடியாக ஓய்வு பெற வைக்கிறான். என் விளக்குகள் இருக்கும் அறைக்கு வெளிச்சம் தருவது கூரையில் ஒட்டிய எல்.இ.டி. பட்டை. பச்சை விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அசல் ஒயர் இருந்தால் விலை கூடும். அசல் ஒயர் இருந்தால் எரிக்க முடியாது. ஒயரை மாற்றி எர்த் கொடுத்தால் பத்திரமாகப் படிக்கலாம். ஏலக்காரர் உதட்டைப் பிதுக்குவார். மாற்றினாலும் இன்னொரு சங்கடம். அதன் மூடிக்குக் கழுத்து குறுகல், குண்டு பல்பின் மெல்லிய கழுத்துக்காகச் செய்தது. இப்போது கடையில் கிடைக்கிற எல்.இ.டி. பல்பின் தடித்த உடம்பு உள்ளே நுழையாது. மூடியின் உச்சியில் சூடு வெளியேற வைத்த துவாரங்கள் இருக்கின்றன. வெளியேற இப்போது அவ்வளவு சூடு இல்லை. அறுபது வாட் குண்டு பல்பு தேடி எலக்ட்ரிகல் கடைகளில் ஏறி இறங்கினால், கடைக்காரர் நம்மைப் பார்க்கிற பார்வையில் பரிவு தெரியும்.

சேர்க்காமலே காப்பாற்றியவர்களும் இருக்கிறார்கள். புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியை 1937இல் கட்டத் தொடங்கினார்கள். அந்தோனின் ரேமண்ட் வரைந்தது. இளைஞராக இருந்த ஜார்ஜ் நகாஷிமா தங்கி வேலை பார்த்தார், தேக்குச் சாமான்களுக்கு வடிவம் கொடுத்தார். பின்னாளில் அமெரிக்காவில் அவர் செய்த மேசைகளுக்கு வந்த விலை நமக்கு வேண்டாம். கோல்கொண்டாவில் இன்றும் ஆட்கள் தங்குகிறார்கள், அந்தக் கட்டிலில் படுக்கிறார்கள், வாரி வழித்துத் துடைத்து வைக்கிறார்கள். அது காட்சிசாலை ஆகவில்லை, ஏலத்துக்கும் போகவில்லை. அங்கே இருப்பவர்களுக்கு இருக்கிற கட்டுப்பாடு ஓர் அரசாங்க அலுவலகத்துக்கோ, பொத்தேரியில் ஒரு மூன்றாம் மாடிக்கோ வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தமிழ்நாட்டில் அந்தக் காலத்து மேசை விளக்கும் நெட்டை விளக்கும் அதிகமாகச் சேர்ந்திருக்கிற இடம் எந்த ரசிகரின் வீடும் அல்ல. வடபழனி, சாலிகிராமம் பக்கத்துச் சினிமா பிராப்பர்ட்டி கோடவுன்கள்தான். கட்டில், டெலிபோன், ரேடியோ, சட்டமிட்ட தலைவர் படங்கள், நீதிபதி நாற்காலி, ஆஸ்பத்திரி ஸ்டாண்ட் இவற்றுக்கு நடுவே விளக்குகள் அலமாரி அலமாரியாக நிற்கின்றன. யாரும் அவற்றைக் கலை என்று சொல்வதில்லை, பாரம்பரியம் என்றும் சொல்வதில்லை. நாள் வாடகை. வாடகை வருவதால் எடைக்குப் போடவில்லை. தூசு தட்டி, உடைந்ததை ஒட்டி, மூடி போனதற்கு இன்னொரு மூடி மாட்டி வைத்திருக்கிறார்கள்.

அப்படி ஒரு கோடவுனில் மூன்று கை வைத்த நெட்டை விளக்கு ஒன்றைப் பார்த்து விலை கேட்டேன். பொறுப்பாக இருந்தவர் வயதானவர், சிரித்துக்கொண்டே தலையாட்டினார். “விக்கிறது இல்லீங்க. வித்தா ஒரு தடவ காசு. இது வாரம் தவறாம வெளிய போய்ட்டு வருது.” பேச்சு வாக்கில் என்னிடம் என்னென்ன இருக்கிறது என்று விசாரித்தார். சொன்னேன். பீரியட் படங்களும் வெப் சீரிஸும் நிறைய எடுக்கிறார்கள், அறுபது எழுபது வருஷத்து ஆபீஸ் செட்டுக்குப் பச்சை மூடி விளக்கு கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், கொடுப்பீர்களா என்றார். ஒயர் சரியில்லை, ஷாக் அடிக்கும், இப்போதைக்கு எரியாது என்று எச்சரித்தேன்.

“எரியணும்னு ஒண்ணும் அவசியம் இல்ல சார். வெளிச்சத்த கேமராமேன் பாத்துக்குவாரு. இது மேசைல நிக்கணும், அவ்வளவுதான்.”

நாளுக்கு எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டேன்.